சாவி கணக்கப்பிள்ளையிடம்

மலைக்குப் போகிற நாளில் தண்ணீர் குடிக்கக் கூடாது. எங்கள் தோட்டத்தில் பெண்களுக்கு இதை யாரும் உட்காரவைத்துச் சொல்லித் தருவதில்லை. கொழுந்து பறிக்கப் போன முதல் வாரத்திலேயே தெரிந்துவிடும்.

காலையில் தேத்தண்ணீர் அரைக் கோப்பை. ஆள் எண்ணி வேலை பிரிக்கிற பெரட்டுக்கு முன்னால், குடியிருக்கிற லயத்துக் கக்கூசுக்கு ஒரு நடை. அதற்குப் பிறகு பகல் கொழுந்து நிறுக்கும் வரைக்கும் ஒன்றும் கிடையாது. வாய் காய்ந்தால் வெற்றிலை. வெற்றிலை போட்டால் எச்சில் ஊறும், தாகம் தெரியாது. போத்தலில் தண்ணீர் கொண்டுபோவோம். அது கை கழுவ, வாய் கொப்பளிக்க.

காரணம் மலைதான். எங்கள் மலை பசறை ரோட்டுக்கு மேலே செங்குத்தாக நிற்கிறது. தேயிலை இடுப்பு உயரம். குனிந்தால் மேலே நிற்கிற கங்காணிக்குத் தெரியும். நிமிர்ந்தால் கீழே போகிற பஸ்ஸுக்குத் தெரியும். மழைத் தண்ணீர் ஓடுகிற கானுக்குள் இறங்கினால் அட்டை. லயத்துக்குப் போய்வர நேரம் போகும். அதற்குள் பக்கத்து நிரைக்காரிகள் மேலே ஏறிவிடுவார்கள். நிறுக்கும்போது கொழுந்து குறையும். குறைந்தால் அரைப் பேர். நாள் முழுக்க மலையில் நின்றும், பாதி நாள் வேலை செய்தவளாகத்தான் பதிந்து பாதிச் சம்பளம் தருவார்கள்.

அடக்க முடியாமல் போகிற நாளும் உண்டு. அப்போது ஒருத்தி இடுப்பில் கட்டிய தடித்த படங்குத் துணியை அவிழ்த்து விரித்துப் பிடிப்பாள். மற்றவள் அதற்குப் பின்னால் உட்காருவாள். பிடிக்கிறவள் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு சத்தமாக ஏதாவது பேசிக்கொண்டிருப்பாள். என் தங்கச்சிக்கு நான் பிடிப்பேன். எனக்கு அவள் பிடிப்பாள்.

நாங்கள் கொஸ்லந்தப் பக்கம் பிறந்தவர்கள். ஒரு வீட்டு அண்ணன் தம்பியைக் கட்டிக்கொண்டு ஒரே தோட்டத்துக்கு வந்தோம். ஒரே லயம், வீட்டுக்கு ஒன்றாக அடுத்தடுத்த காம்பரா. மலையிலும் அடுத்தடுத்த நிரை. என் வீட்டுக்காரர் தோட்டத்தில் செடியைக் கத்தரித்துக் கவ்வாத்து வெட்டுகிறார். அவள் வீட்டுக்காரர் கொழும்பில் ஒரு கடையில் நிற்கிறார், தீபாவளிக்கு வருவார். பிள்ளைகள் எந்த வீட்டில் சோறு ஆனதோ அந்த வீட்டில் சாப்பிடும்.

அவளுக்கு வாய் அதிகம். எனக்குப் பேச்சு வராது. அதனால் எங்களுக்குள் சண்டை வந்ததில்லை.

முதலில் நீர்க்கடுப்பு என்றுதான் சொன்னாள்.

"மொளகாய அரைச்சு வச்ச மாதிரி எரியுது அக்கா."

கால் பெருவிரலில் சுண்ணாம்பு தடவினாள். தொப்புளில் விளக்கெண்ணெய் வைத்தாள். சூடு என்று நினைத்தோம். எங்கள் லயத்தில் எல்லாருக்கும் வந்து போகிறதுதான். இரண்டு நாள் அடங்கும், பிறகு திரும்ப வரும்.

எரிய எரிய இன்னும் குறைவாகக் குடித்தாள். போனால் எரிகிறது, குடிக்காவிட்டால் போக வேண்டாம் என்று அவள் நினைத்தாள். மலையில் நிற்கிற எல்லாப் பெண்களும் அப்படித்தான் நினைத்தோம்.

குளிர் காய்ச்சல் வந்தது. டிஸ்பென்சரியில் மாத்திரை தந்தார்கள். விட்டது. மறுநாள் மலைக்குப் போனாள். மாதக்கணக்கில் இப்படியே போனது. காய்ச்சல், மாத்திரை, மலை. முதுகு வலிக்கிறது என்றால் கூடை இழுக்கிறது என்பாள். எல்லாருக்கும் முதுகு வலிக்கிற இடத்தில் அது நோய் என்று யாருக்குத் தோன்றும்.

ஒரு மழை நாளில் கூடையோடு சரிந்தாள். தேயிலைக்கு நடுவில் விழுந்ததால் முதலில் யாருக்கும் தெரியவில்லை. கூப்பிட்டேன், பதில் இல்லை. அவளுக்குப் பதில் இல்லாமல் போகாது. நிரையைத் தாண்டிப் போய்ப் பார்த்தேன். பல் கிட்டிக் கிடந்தாள். உடம்பு கொதித்தது. படங்கில் போட்டு நாலு பேர் தூக்கி ரோட்டுக்கு இறக்கினோம். போகிற த்ரீவீலை மறித்தோம். பசறைக்குப் போய், அங்கிருந்து ஆம்புலன்ஸில் பதுளைக்குப் போனோம்.

பதுளை ஆஸ்பத்திரியில் டாக்டர் ஒரு இளம் பெண். சிங்களத்தில் ஆரம்பித்தார். "வத்துர பொன்ன ஓனே, வத்துர." பிறகு தெரிந்த தமிழில் சொன்னார்.

"தண்ணி. நெறைய குடிக்கணும். வந்தா அடக்க வேணாம். விளங்குதா? ஒரு கிட்னி சுருங்கிப் போச்சு. அடக்கினா மத்ததும் போகும்."

தங்கச்சிக்கு சேலைன் ஏறிக்கொண்டிருந்தது. கண் பாதி மூடியிருந்தது. வாய் மூடவில்லை.

"சரிங்க டாக்டர். எங்க மலையில நெரைக்கு நெர கக்கூஸ் கட்டி, பைப்பும் போட்டு வச்சிருக்காங்க. நாங்கதான் போறதில்ல. கொழுப்பு."

பக்கத்துக் கட்டிலில் இருந்தவள் சிரித்தாள். டாக்டருக்கு விளங்கவில்லை, அவரும் சிரித்தார். ஒரு கிட்னி சுருங்கிப் போச்சு என்று அவர் சொன்னதிலேயே நான் நின்றுவிட்டேன்.

அன்றையிலிருந்து எனக்கு ஒரே வேலை. மற்றது போகாமல் பார்க்க வேண்டும்.

அவள் லயத்துக்குத் திரும்பியதும் நான் ஆபீஸுக்குப் போனேன். தோட்டத்தை நடத்துகிற தொரை நல்ல மாதிரித்தான் பேசினார்.

"என்ன, சொல்லு."

"தங்கச்சிக்கு சொகமில்லிங்க. தண்ணி குடிச்சுக்கிட்டே இருக்கணும்னு டாக்டர் சொல்லியிருக்காங்க. மலையில முடியாது. தவறணையில போட்டீங்கன்னா நல்லது."

தவறணை என்பது தேயிலைக் கன்று வளர்க்கிற இடம். லயத்துக்குப் பக்கம். தண்ணீர் உண்டு, நிழல் உண்டு.

"தவறணையில ஆள் கூடிப்போச்சு. மலையிலதான் ஆள் இல்ல. எல்லாம் கொழும்புக்குப் போகுது. நான் யாரை வச்சுப் பறிக்கிறது?"

நான் நின்றேன்.

"மடுவத்துக்கிட்ட கக்கூஸ் கட்டிக் குடுத்திருக்கே. அதுக்குப் போகச் சொல்லு."

"அது பூட்டி இருக்குங்க."

"பூட்டாம விட்டா ஒடைக்கிறாங்க, பைப்பக் கழட்டிக்கிட்டுப் போறாங்க. சாவி கணக்கப்புள்ளகிட்ட இருக்கு. கேட்டா குடுப்பாரு. கேக்கணும்ல?"

அவர் சொன்னது பொய் இல்லை. கேட்டால் கொடுப்பார்தான்.

கொழுந்து நிறுக்கிற மடுவம் மலைக்குக் கீழே, ரோட்டு ஓரம் இருக்கிறது. அதை ஒட்டித்தான் அந்தக் கக்கூஸ். பச்சைக் கதவு, உள்ளே வெள்ளை டைல்ஸ். கட்டி முடித்த அன்று அதன் முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். அதற்குப் பிறகு பூட்டு. மடுவத்தில் மேசை போட்டுக் கணக்கப்பிள்ளை இருப்பார். கொழுந்து நிறுத்துப் பேர் பதிகிறவர் அவர். சாவி அவர் சட்டைப் பையில் இருக்கும். சுற்றிலும் லொறிக்காரர், சாக்குத் தூக்குகிறவர்கள், சும்மா நிற்கிறவர்கள். எல்லாரும் ஆம்பிளைகள்.

மலைக்குத் திரும்பிய முதல் நாளே தங்கச்சி கேட்டுப் பார்த்தாள். அன்றைக்குக் கொழுந்து நிறுக்க மடுவத்துக்கு வந்த ஒருத்தி பிறகு எனக்குச் சொன்னாள்.

"சாவி குடுங்க கணக்கப்புள்ளைங்க."

"எந்த சாவி?"

"தெரியாதா ஒங்களுக்கு? கக்கூஸ் சாவி."

"லொறி எஞ்சின் ஓடுதுல்ல, காதுல விழல. சத்தமா சொல்லு புள்ள."

சத்தமாகச் சொன்னாள். எல்லாரும் சிரித்தார்கள்.

"சீக்கிரம் வந்துரு, உள்ளயே குடியிருந்துராத" என்று சாவியை மேசையில் தூக்கிப் போட்டார்.

கணக்கப்பிள்ளை கெட்ட மனுசன் இல்லை. கொழுந்து நிறுக்கும்போது கள்ளம் செய்யமாட்டார். செத்த வீட்டுக்கு முதல் ஆளாக வருவார். அது அவருக்குச் சிரிக்க ஒரு பகிடி, அவ்வளவுதான்.

மறுநாள் அவள் போத்தலைப் பார்த்தேன்.

"குடிச்சியா?"

"குடிச்சேன்."

"போத்தல் நெறைய இருக்கு."

"கண்ணு நல்லாத்தான் தெரியுது ஒனக்கு."

"சாவியக் கேட்டு வாங்கு புள்ள."

"செத்தாலும் சாவேன். அந்தச் சாவியக் கேக்க மாட்டேன்."

அவளுக்கு நாக்கு நீளம். யார் என்ன சொன்னாலும் திருப்பிக் கொடுப்பாள். மடுவத்துச் சிரிப்பை மட்டும் அவளால் திருப்பிக் கொடுக்க முடியவில்லை. இது எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

ஆகவே நான் போனேன். எனக்கு வேணும் என்று சொல்லி வாங்குவேன். மேலே ஏறி அவள் கையில் கொடுப்பேன். அவள் போய்விட்டு வருவாள். நான் திரும்ப இறங்கிக் கொடுப்பேன். எனக்கு வயது அதிகம், எனக்கு ரோசம் குறைவு. முதல் வாரம் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த வாரம் எனக்குப் பட்டப்பேர் வைத்தார்கள்.

"வாங்க சாவிக்காரி. என்ன, சக்கர வியாதியா?"

"ஆமாங்க."

"மருந்து எடுக்கலயா?"

"எடுக்கிறேன். சாவியக் குடுங்க."

இறங்கி ஏறுகிற நேரத்தில் என் நிரை அப்படியே கிடக்கும். அவள் தன் கொழுந்தை என் கூடையில் அள்ளிப் போடுவாள். பிறகு அவளுக்குக் குறையும். சில நாள் இரண்டு பேருக்கும் அரைப் பேர். ஆனாலும் அவள் குடித்தாள். முகத்தில் தெளிவு வந்தது. எரிச்சல் இல்லை என்றாள். அந்த நாட்களில் நான் நிம்மதியாகத் தூங்கினேன்.

ஒரு நாள் கணக்கப்பிள்ளை பகிடி இல்லாமல் சொன்னார்.

"இனி ஒரு நாளைக்கு ஒரு தடவதான். அதுக்கு மேல தர மாட்டேன்."

"ஏனுங்க?"

"வேலை நேரத்துல நீ ஏறி ஏறி எறங்குறதத் தொரை கண்டுட்டாரு. என்னயத்தான் கேக்குறாரு. நீ மட்டுமா, நாளைக்கு எல்லாரும் வந்து நிப்பாளுக."

"தங்கச்சிக்குத்தாங்க. அவளுக்குக் கிட்னி ஒண்ணுதான் இருக்கு."

இதைச் சொல்லக் கூடாது என்று நினைத்திருந்தேன். வாயில் வந்துவிட்டது. அவர் என்னைப் பார்த்தார். மடுவத்தில் யாரும் சிரிக்கவில்லை.

"அப்ப டாக்டர்கிட்ட துண்டு வாங்கிக்கிட்டு ஆபீஸுக்குப் போ. என்கிட்ட சொல்லி என்ன செய்ய? சாவிதான் என்கிட்ட இருக்கு. சட்டம் அவுங்ககிட்ட இருக்கு."

டாக்டர் எழுதிக் கொடுத்த துண்டை வாங்கினேன். ஆபீஸில் கொடுத்தேன். பார்க்கிறோம் என்றார்கள். தவறணைக்கு ஆள் தேவைப்படும்போது சொல்லி அனுப்புவதாகச் சொன்னார்கள். ஒரு நாளைக்கு ஒரு தடவை என்பது மாறவில்லை. தங்கச்சி அந்த ஒரு தடவைக்குத் தக்கபடி தண்ணீரை அளந்தாள். காய்ச்சல் திரும்ப வந்தது. முகம் காலையில் உப்பி இருக்கும். தூக்கம் கூடிப்போச்சு என்பாள்.

அப்போதுதான் ஓடிட் வந்தது. எங்கள் தேயிலையை வாங்குகிற வெளிநாட்டுக் கம்பெனிகளுக்காகத் தோட்டத்தைச் சோதிக்க ஆட்கள் வருவதை ஓடிட் என்போம்.

அன்றைக்குப் பெரட்டுக்குத் தொரையே வந்தார். எல்லாருக்கும் புதுத் தொப்பியும் கையுறையும் தந்தார்கள். சாயங்காலம் திருப்பிக் கொடுக்க வேண்டும்.

"கக்கூஸ் தொறந்திருக்கும். சவுக்காரம் வச்சிருக்கு. கேட்டா, எப்பவும் தொறந்துதான் இருக்குன்னு சொல்லணும். விளங்குதா?"

"விளங்குதுங்க" என்றோம்.

பெரட்டு கலைந்தது. தங்கச்சி பைப்படியில் நின்று போத்தலை வாயில் கவிழ்த்தாள். நிறுத்தாமல் குடித்தாள். தொண்டை ஏறி இறங்கியது. முடித்துவிட்டுத் திரும்பப் பிடித்தாள்.

பின்னால் நின்ற மதினி ஒருத்தி கேட்டாள். "என்னடி, பாலைவனத்துல இருந்து வந்தவ மாதிரி குடிக்கிற?"

"இன்னைக்குத் தொறந்திருக்குமாம் மதினி. வெள்ளைக்காரன் புண்ணியம். நீயும் குடி."

"அடி ஆத்தி. ஆமால்ல."

மதினி குடித்தாள். அவளுக்குப் பின்னால் நின்றவள் குடித்தாள். நானும் குடித்தேன். குளிர்ந்த தண்ணீர், பல் கூசியது. சிரித்துக்கொண்டே போத்தலை மாற்றி மாற்றிக் கொடுத்தார்கள். யாரும் திட்டம் போடவில்லை. பிறகு ஆபீஸில் இதைச் சொன்னபோது நம்பவில்லை. அது வெறும் தாகம்தான்.

வெயில் ஏறியபோது ஒருத்தி கூடையை இறக்கி வைத்துவிட்டு மடுவத்துக்கு இறங்கினாள். பின்னால் இன்னொருத்தி. கங்காணி சத்தம் போட்டார். அவர் சத்தம் போடப் போட ஆட்கள் கூடினார்கள். பச்சைக் கதவுக்கு முன்னால் தொடங்கி ரோடு வரைக்கும் வரிசை. தலையில் புதுத் தொப்பி.

கணக்கப்பிள்ளை மேசையை விட்டு எழுந்து வந்தார். பல்லைக் கடித்துக்கொண்டு மெதுவாகப் பேசினார்.

"என்னடி இது, மண்ணெண்ணெய் வரிசையா? போங்கடி மலைக்கு. அந்தா வாகனம் வருது."

ஒருத்தியும் அசையவில்லை. தைரியம் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். அசைய முடியவில்லை.

வாகனம் நின்றது. ஒரு வெள்ளைக்காரர், நாங்கள் நோனா என்கிற ஒரு கொழும்பு அம்மா, கூடவே தொரை. நோனா தமிழ் பேசினார்.

"ஏன் எல்லாரும் ஒரே நேரத்துல வந்திருக்கீங்க? இப்ப ஓய்வு நேரமா?"

தொரை சிரித்த முகமாக எங்களைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். வரிசையில் தங்கச்சி முன்னால் நின்றாள். ஒரு காலை மாற்றி மறு காலில் நின்றாள்.

"இன்னைக்குத் தொறந்திருக்குங்க" என்றாள். "அதான்."

அப்போது கதவு திறந்தது. உள்ளே இருந்தவள் வந்தாள். தங்கச்சி உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டாள். நோனா தொரையைத் திரும்பிப் பார்த்தார். தொரை இங்கிலீசில் நிறையப் பேசினார். வெள்ளைக்காரர் கதவில் தொங்கிய பூட்டைக் கையால் தூக்கிப் பார்த்துவிட்டு விட்டார்.

மறுநாள் தங்கச்சியை ஆபீஸுக்குக் கூப்பிட்டார்கள். நானும் போனேன்.

"யாரு சொல்லிக் குடுத்தது?" என்று தொரை கேட்டார்.

"தண்ணி தவிச்சுதுங்க."

"நான் என்ன சொல்லச் சொன்னேன்?"

"அதையும் சொல்லலாம்னுதாங்க வாயத் தொறந்தேன். உள்ள இருந்தவ வெளிய வந்துட்டா. எனக்கு அவசரம்."

தொரைக்குக் கோபம் வந்தது. ஆனால் திட்டவில்லை. போகச் சொன்னார். தவறணையைப் பற்றி நான் திரும்பக் கேட்க நினைத்துப் போயிருந்தேன். அன்றைக்குக் கேட்கிற நாள் இல்லை.

பூட்டு திரும்பப் போட்டார்கள். ஒரு மழைக்காலம் அப்படியே போனது. அதற்குப் பிறகு கொழும்பிலிருந்து ஏதோ உத்தரவு வந்தது. பூட்டை எடுத்துவிட்டார்கள். கக்கூஸைப் பார்த்துக்கொள்ள ஒரு பெண்ணை வைத்தார்கள். பெரிய டேங்கி வைத்தார்கள். மேல் மலையில் தகரத்தில் ஒன்று அடித்துக் கொடுத்தார்கள். போய் வருகிற நேரத்தை யாரும் கேட்பதில்லை. கொழுந்து ஒன்றும் குறையவில்லை. இது நடந்தது, நான் இல்லை என்று சொல்ல மாட்டேன். செய்ய முடிகிற காரியமாகத்தான் இருந்தது. முன்னாலும் முடிந்திருக்கும்.

பூட்டு கிடந்த அந்த மழைக்காலத்திலேயே தங்கச்சிக்குக் கால் வீங்கியது. அழுத்தினால் குழி விழுந்தது. பிறகு மூச்சு வாங்கியது. பதுளைக்குக் கொண்டு போனோம். மற்றதும் போய்விட்டது என்றார்கள்.

இப்போது வாரத்தில் சில நாள் அவளை மெசினில் போட வேண்டும். இரத்தத்தை எடுத்துக் கழுவித் திரும்ப ஏற்றுகிற மெசின். முதல் நாள் அதே டாக்டர் வந்தார். ஒரு சின்னக் கோப்பையைக் காட்டினார்.

"இனி தண்ணி கொஞ்சம்தான். அளந்து குடிக்கணும். கூடினா நெஞ்சுக்குள்ள போகும்."

தங்கச்சி அவரைப் பார்த்தாள். பிறகு சிரித்தாள். நிறுத்த முடியாமல் சிரித்தாள். குழாய் ஆடியது. நர்ஸ் ஓடிவந்து தோளைப் பிடித்தார். எனக்குச் சிரிப்பும் வரவில்லை, அழுகையும் வரவில்லை.

மெசின் இல்லாத நாளில் நான் மலைக்குப் போகிறேன். அவள் நிரையில் வேறு ஒருத்தி பறிக்கிறாள். மடுவத்தில் கணக்கப்பிள்ளை என்னோடு பகிடி பேசுவதில்லை. என் கொழுந்தை நிறுக்கும்போது தராசைக் கொஞ்சம் தாராளமாகப் பார்க்கிறார். வேண்டாம் என்று சொல்ல எனக்கு வசதி இல்லை.

மெசின் நாளில் அவளோடு யாராவது போக வேண்டும். தனியாக பஸ் ஏற முடியாது. வரும்போது தலை சுற்றும். அவள் வீட்டுக்காரர் கடையை விட்டால் சோறு இல்லை. நான்தான் போகிறேன். அந்த நாளில் எனக்குப் பேர் இல்லை. பேர் குறைந்தால் நிரந்தரப் பதிவிலிருந்து எடுத்துவிடுவோம் என்று சொல்லியிருக்கிறார்கள். எடுத்தால் லயத்துக் காம்பராவும் கேள்விதான்.

இன்று சாயங்காலம் திரும்ப ஆபீஸுக்குப் போனேன். மெசின் நாளைப் பேர் உள்ள நாளாக எழுதுங்கள், இல்லாவிட்டால் லீவாக எழுதுங்கள், பேரை மட்டும் வெட்டாதீர்கள் என்று கேட்டேன். இவ்வளவு நீளமாக நான் பேசியதில்லை. தொரை கேட்டுக்கொண்டிருந்தார்.

லயத்துக்கு வந்தேன். நாளைக்கு மெசின். பிள்ளைகள் முன்னால் படித்துக்கொண்டிருந்தன. தங்கச்சி கட்டிலில் உட்கார்ந்து பையில் துணி வைத்துக்கொண்டிருந்தாள். கால் செருப்புக்குள் போவதில்லை. வாரை வெட்டித் துணியால் கட்டிக்கொள்கிறாள். நான் கீழே உட்கார்ந்து அந்தத் துணியைச் சரி செய்தேன்.

"தொரை என்ன சொன்னாரு அக்கா?"

"கம்பெனியில கேட்டுச் சொல்றேன்னாரு."

"எப்ப சொல்லுவாராம்?"

"கேக்கல."

அவள் ஒரு பகிடியும் பேசாமல் பையை மூடினாள். அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. முடிச்சை இறுக்கிக் கட்டினேன். காலை முதல் பஸ்ஸுக்கு ரோட்டில் நிற்க வேண்டும்.